பகுதி சபைக்குப் போகும் முன்

ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நான்கு தேதிகளையும் மதுரை மாநகராட்சி எல்லைக்குள் ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமைகள் தினம் என்று வரும் இந்த நாள்களில் நகரத்தின் ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரையும் உறுப்பினராகக் கொண்ட சபை இது. திருப்பாலை, உத்தங்குடி போன்ற இடங்களில் வயதானவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அவை கிராம ஊராட்சிகள். அங்கே கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டுப் பழகியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இணைந்த பிறகு, முதல் பகுதி சபை கூடிய 2022 நவம்பர் 1 வரை, அவர்கள் உட்கார்ந்து பேசுவதற்குச் சட்டப்படியான ஒரு பாய்கூட விரிக்கப்படவில்லை. அதிலும் 2016 முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே இல்லாத காலம் ஒன்று இருந்தது.

இப்போது சபை இருக்கிறது. ஆனால் நான் முதலில் கலந்துகொண்ட கூட்டத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இரண்டு மணி நேரம் பேசி முடித்தபோது, பதிவேட்டில் எழுதப்பட்டது ‘குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யக் கோருதல், சாக்கடையைத் தூர்வாரக் கோருதல், தெருவிளக்கு கோருதல்’ என்ற மூன்று வரிகள் மட்டுமே. எந்தத் தெரு, எந்த விளக்குக் கம்பம், எத்தனை நாளைக்குள் என்ற எதுவும் அதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்த பதிலும் அதே அளவில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று இருந்தது. விவரமில்லாத கேள்விக்கு விவரமில்லாத பதில்; இதில் அதிகாரிகளை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சபையில் பேச வேண்டியதை அதற்கு மூன்று வாரம் முன்பே தெருவுக்குள் சண்டை போட்டுப் பேசி முடித்துவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது. அதைச் செய்யும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், அது யாருடைய வேலை?

ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இது. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி டீக்கடையில் நடந்த விவாதம் முழுவதும் ‘மாநகராட்சி என்ன செய்கிறது?’ என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. ஆனால் செல்லூர்க் கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசெல்வது பந்தல்குடி வாய்க்கால். அதில் கலக்கும் கழிவுநீரும் அதில் கொட்டப்படும் குப்பையும் மாநகராட்சி சம்பந்தப்பட்டவை. வாய்க்காலின் ஓரத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் நிலத்தை அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. ஒரே வாய்க்காலுக்கு மூன்று அலுவலகங்கள். கிருதுமால் நதியின் கரையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். எனவே ‘வாய்க்காலைச் சுத்தம் செய்க’ என்று எழுதினால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

சாலையிலும் இதைப் பார்க்க வேண்டும். உங்கள் தெரு மாநகராட்சியுடையது. அது போய்ச் சேரும் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலையாகவோ இருக்கும். மின்தடைக்கு மின்வாரியம், அதற்கு 94987 94987 என்ற மின்னகம் எண்ணே போதும், சபையின் நேரத்தைச் செலவிட வேண்டாம். பேருந்து வழித்தடத்துக்குப் போக்குவரத்துக் கழகம், ரேஷன் கடைக்கு வழங்கல் அலுவலகம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயிலைப் பற்றி எங்கள் சபையில் ஒருவர் அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் அதை முடிவுசெய்யும் இடங்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கின்றன. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் இழந்தது பின்தெருவின் மேன்ஹோல் மூடியைப் பற்றிய பேச்சை.

இதனால் பிற துறைகளின் விஷயத்தைப் பேசவே கூடாது என்று ஆகாது. தீர்மானங்களை இரண்டு தாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியே செய்யக்கூடியவை ஒரு தாளில் ‘செய்து தர வேண்டும்’ என்று முடியட்டும். மற்றவை இன்னொரு தாளில் ‘இன்ன துறையிடம் மாநகராட்சி எழுத்து மூலம் வலியுறுத்த வேண்டும்’ என்று முடியட்டும். இரண்டாவது தாளை அதே வாரம் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளலாம்.

அளந்துவிட்டுப் பேசுங்கள்

எங்கள் தெருவின் நீண்டகாலச் சண்டை தண்ணீரைப் பற்றியது. மதுரைக்கு வைகை அணையிலிருந்து குழாயில் வரும் நீரும் ஆற்றுப்படுகையின் கிணறுகளும் நெடுங்காலமாக ஆதாரம். அதோடு லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் எடுத்துவரும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஆகவே ‘பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு கட்சி. ‘வந்தாலும் முதல் வீடுகளுக்குத்தான் போகும்’ என்று இன்னொரு கட்சி. நான்கு ஆண்டுகளாக இரண்டு கட்சியும் அவரவர் இடத்திலிருந்து அசையவில்லை. கடைசியில் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓர் அக்கா, “அண்ணே, நீங்க பேசுறது இருக்கட்டும், எங்க வீட்டுக் கொழாயில ஒரு கொடம் பிடிச்சுப் பாத்துட்டு வந்து பேசுங்க” என்றார். அதைத்தான் செய்தோம்.

செய்முறை எளிது, ஆனால் இரண்டு இடங்களில் தவறு நேரும். கடையில் 15 லிட்டர் என்று சொல்லி விற்கும் பிளாஸ்டிக் குடங்கள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதில்லை. எனவே ஒரே குடத்தைத் தெரு முழுக்கப் பயன்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலால் பதினைந்து முறை ஊற்றி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் குடத்தின் கழுத்தருகே நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்தது, தரைத்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் மாடிக் குழாயில் அளந்து பயனில்லை. தெருக்குழாய் தொட்டிக்குள் விழும் இடத்தில் குடத்தைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் திறந்து பத்து நிமிடம் கழித்து முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று மூன்று இடங்களில், கைபேசியில் நேரம் வைத்து, மூன்று விநியோக நாள்களில் எடுத்தால் போதும்.

எங்களுக்குக் கிடைத்த கணக்கு இது. முதல் வீட்டில் ஒரு குடம் நிறைய 1 நிமிடம் 20 விநாடி. கடைசி வீட்டில் 6 நிமிடம். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அப்படியானால் முதல் வீட்டுக்கு 45 குடம், அதாவது 675 லிட்டர். கடைசி வீட்டுக்கு 10 குடம், 150 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கே 675 லிட்டர் வேண்டும். முதல் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அதில் பாதி. கடைசி வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஒரே ஒரு குடம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது இரண்டு கட்சியும் சொன்னதில் பாதிப் பாதி உண்மை என்பது தெரிந்தது. ஊருக்கு வரும் தண்ணீரும் போதாது, வருவதைத் தெருவுக்குள் பிரிக்கும் விதமும் சரியில்லை. முதலாவதற்கு நாங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவதற்குக் காரணம் எங்களுக்குள்ளேயே இருந்தது.

மூன்று வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எவரும் வாய் திறந்ததில்லை. மோட்டாரைப் பறிமுதல் செய்யவும் இணைப்பைத் துண்டிக்கவும் மாநகராட்சியால் முடியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாளைக்கு அவர் வீட்டுக் காதுகுத்துக்கு எப்படிப் போவது? ஆகவே பெயர் சொல்லாமல் தாளை மட்டும் படித்தோம். மோட்டார் போடாத நாளில் ஒரு முறை எல்லோரும் அளந்து பார்ப்போம் என்று கேட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் இவ்வளவு பாடு தேவைப்படாது. விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கடை பொங்கும் மேன்ஹோலை எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்று எழுதி, பொங்கிய நாள்களின் தேதியைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டாவது வையுங்கள். ‘அடிக்கடி பொங்குகிறது’ என்பதைவிட ‘ஐப்பசியில் ஏழு நாள்’ என்பதற்கு உதவிப் பொறியாளர் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

எங்கே கூடுவது, யார் யார் வர வேண்டும்

பிள்ளையார் கோயில் மண்டபம் இருக்கிறதே என்று அங்கேயே கூடிவிடாதீர்கள். கோயிலில் கூடினால் யார் வராமல் போகிறார்கள் என்பதை ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சிப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடைத் திண்ணை என்று எல்லோரும் எப்படியும் வந்துபோகும் இடமாக இருக்கட்டும். நேரத்தைப் பெண்களிடம் கேட்டு வையுங்கள். தண்ணீர் பிடிப்பதும் குப்பை வண்டிக்குக் காத்து நிற்பதும் அவர்கள்தான் என்றால், இரவு எட்டு மணிக் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார்.

வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடுவது எல்லாக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் உள்ள வியாதி. அவர்கள் பெயர் இந்த வாக்குச்சாவடியில் இல்லாவிட்டால் பகுதி சபையில் அவர்களுக்கு முறைப்படி இடமில்லை. தெருக்கூட்டத்தில் அவர்களையும் உட்கார வைத்துப் பேசவிட்டால்தான் அவர்கள் சொல்வது சபை வரை போகும். முகவரி மாற்றி வாக்காளர் பட்டியலில் சேரும்படி அப்போதே சொல்லிவிடலாம்.

கூட்டத்தில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். ஒரு கோரிக்கையைச் சொல்பவர், அது நிறைவேறினால் தெருவில் யாருக்கு நட்டம் என்பதையும் தானே சொல்ல வேண்டும். ‘தெருமுனைக் குப்பைத்தொட்டியை எடுத்துவிட வேண்டும்’ என்றால், காலையில் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறவர் வண்டி வரும் நேரத்தில் குப்பையை எப்படிக் கொடுப்பார்? ‘தொட்டி வேண்டும்’ என்றால் யார் வீட்டு வாசலில்? தொட்டி வேண்டும் என்று கை தூக்கிய அத்தனை பேரும் வாசலைப் பற்றிக் கேட்டபோது கையை இறக்கிவிட்டார்கள். இந்தப் பேச்சு நடக்கும்போது வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கையும் ஒருவர் நினைவூட்டினால் நல்லது. மதுரை முழுவதும் தன் வாசலில் வேண்டாம் என்று ஒதுக்கிய குப்பையின் நாற்றத்தை அவனியாபுரம் பக்கத்து மக்கள் நெடுங்காலமாகச் சுமக்கிறார்கள்; மக்கும் குப்பையைத் தெருவிலேயே பிரித்துக் கொடுத்தால் அங்கே போகும் லாரியின் சுமை குறையும்.

சாலையோரக் கடைகளைப் பற்றிய விவாதத்தில் சூடு அதிகம் இருக்கும். மாசி வீதிகளிலும் விளக்குத்தூணைச் சுற்றியும் நடக்க வழியில்லை என்பவர்களே, மாலையில் அங்கே நின்று பருத்திப்பால் குடிப்பவர்களாகவும் இருப்பார்கள். இதில் நம் விருப்பத்தைப் பேசும் முன் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கணக்கெடுத்து முடிக்கும் வரை வியாபாரிகளை வெளியேற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஆகவே ‘கடைகளை அகற்றுக’ என்ற தீர்மானம் சட்டத்தின் முன் நிற்காது. ‘இந்தத் தெருவில் இன்ன இடத்தில் அனுமதித்து, பள்ளி வாசலையும் பேருந்து நிறுத்தத்தையும் விட்டு ஒதுக்குக’ என்பது நிற்கும்.

சொத்து வரியைக் குறைக்கக் கேட்பதும், கூடுதல் சாலை கேட்பதும் ஒரே தாளில் வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இதை ஏற்கவில்லை. வேலையே நடக்காதபோது வரி எதற்கு என்று கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதையாவது அவரும் விட்டுவிடக் கூடாது.

தீர்மானத்தை எழுதும் விதம்

இடம், அளவு, கோரிக்கை, பொறுப்பான அலுவலர், கால அளவு ஆகிய ஐந்தும் ஒரே பத்தியில் வர வேண்டும். நாங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன். தெருவின் பெயரை மட்டும் விட்டிருக்கிறேன்.

“எங்கள் தெருவில் முதல் இணைப்புக்கும் கடைசி இணைப்புக்கும் இடையே குடிநீர் வரத்தில் நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதை, மூன்று விநியோக நாள்களில் எடுத்து இத்துடன் இணைத்துள்ள அளவுகள் காட்டுகின்றன. தெருவின் நடுவில் ஒரு வால்வு அமைத்து, மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனி நேரத்தில் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்றும், இப்பணிக்கான மதிப்பீட்டை உதவிப் பொறியாளர் அடுத்த பகுதி சபைக்குள் தயாரித்து அளிக்க வேண்டும் என்றும், குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதில்லை எனத் தெருவாசிகள் ஒப்புக்கொண்டுள்ளனர் என்றும் இச்சபை தீர்மானிக்கிறது.”

கடைசி வரியைச் சேர்க்க வேண்டுமா என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. நம் குற்றத்தை நாமே எழுதிக் கொடுப்பதா என்று சிலர் தயங்கினார்கள். ஆனால் பொறியாளர் முதலில் சொல்லப்போகும் காரணம் அதுதான் என்பதால், அந்த வாயை முன்பே அடைத்துவிடுவது நல்லது என்று முடிவானது. ஒரு கூட்டத்துக்கு இத்தகைய தீர்மானம் இரண்டுக்கு மேல் வேண்டாம். பத்து கொடுத்தால் அவர்களுக்கு வசதியான ஒன்றைச் செய்துவிட்டு ஒன்பதை மறந்துவிடுவார்கள்.

பணத்துக்கு வழி கேட்டால் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் யோசிக்கலாம். மக்கள் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும். ஆனால் குடிநீர் போன்ற அடிப்படைச் சேவைக்கு, வரி கட்டிய பிறகும் தெருவில் வசூல் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பூங்காவுக்கு என்றால் சரி.

சபை முடிந்த பிறகு

பதிவேட்டில் தீர்மானம் எழுதப்படும்போது பக்கத்திலேயே நின்று, நீங்கள் கொடுத்த வாசகம்தான் ஏறுகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன தேதித் தீர்மானத்தின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலும், தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகலும் வேண்டும்’ என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வேலை தொடங்கிவிட்டால் அதே சட்டத்தின்கீழ் பணி நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போடப்படும் பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. முறைகேடு என்று உறுதியாகத் தெரிந்தால், உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் புகார் செய்யலாம். உயர் நீதிமன்றக் கிளை ஊரிலேயே இருக்கிறது என்பதற்காக எடுத்த எடுப்பில் அங்கே ஓட வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்கு வால்வு வர இரண்டு சபைகளும் ஒரு தகவல் மனுவும் பிடித்தன. வந்த வாரமே நகப்பாலிஷ் கோடு போட்ட அதே குடத்தோடு மறுபடி அளந்தோம்: கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய 3 நிமிடம், முதல் வீட்டில் 2 நிமிடம். முதல் வீடு எங்களுடையது. 45 குடம் பிடித்த இடத்தில் இப்போது 30 குடம்தான் வருகிறது என்று என் மனைவி குடத்தை எடுக்கும்போதெல்லாம் நினைவூட்டுகிறார். சித்திரையில் வைகை இன்னும் வற்றும்போது திரும்ப அளக்க வேண்டும் என்பதால், குடம் தெருக்கோடி அக்கா வீட்டில் இருக்கிறது.